ஜசீலா வீட்டுக் குடை

மழை விட்டு அரை மணி நேரம் ஆன பிறகும், நாங்கள் கடச்சக்கை என்று சொல்லும் சீமைப்பலா மரத்தின் அகன்ற இலைகள் நீரைச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதுவரை மண்ணில் விழுந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்த அந்தச் சொட்டுகள், எனக்குப் பதினோரு வயதான வருஷம் திடீரென்று 'டங்... டங்...' என்று இரும்பில் விழ ஆரம்பித்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுக்களை ஜன்னலோரம் உட்கார்ந்து சாயா குடிக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு சொட்டும் 'இது உன் வீட்டுது இல்லை, இது உன் வீட்டுது இல்லை' என்று எனக்கு மட்டும் சொல்வது போலிருக்கும். அந்த இரும்பு, பக்கத்து வீட்டு மைதீன் மாமா கொல்லையில் நட்டிருந்த டிஷ்.

மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிக் கிடங்குகளுக்குப் பின்னால் போகிற ஒரு சந்தில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவரை நடுவில் வைத்துக்கொண்டு ஒட்டி நின்றன. கொல்லை ஒன்று, கிணறும் ஒன்றுதான். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தாவுக்குச் சாக்கு வியாபாரம். பழைய சாக்குகளை வாங்கி, கிழிசல் தைத்து, சுக்கும் மிளகும் அடைக்கிற கிடங்குகளுக்குக் கொடுப்பார், அதனால் எங்கள் வீட்டில் தலையணை வரைக்கும் சணல் வாசனை அடிக்கும். மைதீன் மாமாவுக்குத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. படகுகளின் வயர்லெஸ் கெட்டுப்போனால் அவரைத்தான் தேடிக்கொண்டு வருவார்கள். எப்போதோ வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்பேசும் முஸ்லிம் குடும்பங்கள் எங்களுடையவை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம் என்பதால், சந்தில் பாதிப் பேருக்குத் தமிழ் வாய்க்கு வருமே தவிர கண்ணுக்கு வராது. ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது.

எனக்குத் தெரியும். அம்மா கம்பத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து, தன் பேச்சை எல்லோரும் கேலி செய்வதைப் பொறுத்துக்கொண்டவள், மகளுக்கு எழுத்தையாவது கொடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாகச் சிலேட்டில் எழுதிப் பழக்கியிருந்தாள். அதனால் என்ன லாபம் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. டிஷ் வந்த பிறகுதான் விளங்கியது.

அது வந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டடி அகலத்தில் ஒரு வட்டத் தட்டு, அதற்கு எதிரே நீட்டிக்கொண்டு ஒரு கம்பி, கம்பியின் நுனியில் ஒரு சின்ன மொட்டு. சந்துப் பிள்ளைகள் பார்த்தவுடன் தட்டுக்குக் 'குடை' என்றும், மொட்டுக்கு 'மூக்கு' என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். குடையை நட அவர் தேர்ந்தெடுத்த இடத்தில் எங்கள் துணிக்கயிறு குறுக்கே இருந்தது. அவர் மரியாதையாக அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அவிழ்த்தார். அம்மாவும் சிரித்துக்கொண்டே 'அதுக்கென்ன' என்றாள். ஆனால் அன்றிலிருந்து எங்கள் துணி வெயில் படாத பக்கத்தில் காய்ந்து, என் பள்ளிச் சட்டை எப்போதும் ஈரவாடை அடித்தது. இந்த அநியாயத்தை நான் மட்டும்தான் மனதில் குறித்து வைத்தேன்.

சிக்னல் பிடிப்பது அவ்வளவு லேசான காரியமாக இல்லை. மாமா குடையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நகம் அளவு அசைப்பார். வீட்டுக்குள் டிவி முன்னால் ஜசீலா, அவருடைய ஒரே மகள், என் வயதுக்காரி, என் வகுப்புக்காரி. இரண்டு பேருக்கும் நடுவில் ஜன்னலில் நான். "கிட்டுச்சா?" என்று மாமா கத்துவார். நான் திரும்பி உள்ளே "கிட்டுச்சா?" என்பேன். ஜசீலா "இல்லே" என்பாள். நான் வெளியே திரும்பி "இல்லே" என்பேன். வெயில் ஏறி இறங்கும்வரை இதே பாட்டு. கடைசியில் உள்ளேயிருந்து "கிட்டுச்சு, அத்தா, கிட்டுச்சு!" என்று அவள் அலறியபோது, அந்த வார்த்தையை வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றேன். 'இல்லே' என்று சொன்னால் அவர் இன்னும் கொஞ்சம் திருப்புவார், போய்விடும். அப்படி ஒரு யோசனை வந்தது உண்மை. ஆனால் ஜசீலாவின் அலறல் கொல்லைக்கே கேட்டுவிட்டது. மாமா ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டார்.

"இது அரசாங்கம் சும்மா விடுற சிக்னல். வானத்துல போறது ஆருக்கும் சொந்தமில்லே, பிடிச்சவனுக்குக் கிட்டும்" என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மாமா விளக்கினார். எனக்கு அது சரியாகப் படவில்லை. குடை பார்த்துக்கொண்டிருந்தது கிழக்கும் தெற்கும் சேர்கிற மூலையை. அந்த மூலையில் இருந்தது எங்கள் அடுக்களை. அப்படியென்றால் சிக்னல் எங்கள் ஓட்டுக்கு மேலே வந்து, எங்கள் ஆகாசத்தைத் தாண்டித்தானே அவர்கள் வீட்டுக்குப் போகிறது? நம்முடையதை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அத்தாவிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் கோணி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கண்ணுகடி ஆகாதும்மா, கண்ணு கெட்டுப்போகும்" என்றார். பொறாமைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர், கண்ணுகடி. பார்த்தால் கண்ணைக் கடிக்கும். எனக்குக் கடித்துக்கொண்டேதான் இருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு டிவி இருந்தது. ஓட்டின் மேல் மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனா, அதில் புள்ளி புள்ளியாக வரும் ஒரே ஒரு சானல். கேபிள் வேண்டுமென்று கேட்டால், "படிக்கிற புள்ளை இருக்கிற வீடு" என்பார் அத்தா. பக்கத்து வீட்டிலும் படிக்கிற புள்ளைதான் இருந்தது. அவள் என்னைவிட நன்றாகவும் படித்தாள். அம்மாவுக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டால் போகமாட்டாள், "நமக்கு எதுக்கு" என்பாள். ஆனால் சுவருக்கு அந்தப்புறம் பழைய தமிழ்ப் பாட்டு ஏதாவது கேட்டால், ஸ்டவ்வின் இரைச்சல் குறையும்படி தீயை இறக்கிவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பாள். பாட்டு முடிந்ததும் தீயை ஏற்றுவாள்.

நான் அப்படிக் கௌரவம் பார்க்கவில்லை. தினமும் போனேன். என்னைக் கூப்பிடவும் செய்தார்கள், ஏனென்றால் அந்தக் குடையில் விழுந்த தமிழ்ச் சானல்களில் எழுத்து வரும்போதெல்லாம் வாசிக்க அந்த வீட்டில் ஆளில்லை. படத்தின் பெயர், கீழே ஓடும் செய்தி, 'சிறிது நேரத்தில்' என்று வரும் அறிவிப்பு எல்லாவற்றுக்கும் ஜசீலா என் முழங்கையை இடித்து, "நூரு, வாசி" என்பாள். நூர்ஜஹான் என்ற என் பெயரை அப்படிச் சுருக்கியவள் அவள்தான். நான் கொஞ்சம் இழுத்து, தொண்டையைச் செருமி, பெரிய மனுஷி போல வாசிப்பேன். சுபைதா மாமி, ஜசீலாவின் அம்மா, "இவ இல்லேன்னா நாம என்ன செய்யும்?" என்று ஒரு தட்டில் பழம்பொரி வைத்துத் தருவாள். அதைத் தின்றுகொண்டே, டிவி இவர்களுடையது என்றாலும் எழுத்து என்னுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்தச் சமாதானம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கரைந்துபோகும்.

இப்படியிருக்க நோன்பு வந்தது. அந்த வருஷம் ஐப்பசியில் கொட்டும் துலாவர்ஷ மழையும் நோன்பும் சேர்ந்தே வந்தன. பகலெல்லாம் புழுக்கம், மூன்று மணிக்கு மேல் இடி, மழை. ஜசீலாவும் நானும் முப்பது நோன்பும் பிடிப்பது என்று பந்தயம் கட்டினோம். அதற்கு முன் வருஷம் அவள் பதினேழு, நான் பதினான்கு. மாமா உற்சாகமாகிவிட்டார். "முப்பதும் முழுசா வெக்கிறவங்களுக்குப் பெருநாள் அன்னிக்கு ரிமோட். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும், அவங்க வெச்சதுதான் சானல், நான் கூட வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். அந்த ரிமோட் அந்த வீட்டில் யார் கைக்கும் போகாது. பிளாஸ்டிக் உறை போட்டு மாமாவின் சட்டைப் பையில்தான் இருக்கும். எனக்கு நோன்பின் நன்மை, சொர்க்கம் எல்லாம் அன்றைக்கு இரண்டாம்பட்சம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் முழுக்க அந்த டிவி என் சொல் கேட்க வேண்டும், ஜசீலா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். ரெண்டு பேரும் முப்பது வைத்தால் பாதி பாதி என்று மாமா சொன்னபோது எனக்கு முகம் சுண்டியது.

பள்ளிவாசலில் கொடுத்த நோன்பு நேர அட்டையில் ஒவ்வொரு நாளும் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தோம். பத்து, பதினைந்து, பதினெட்டு. அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. பதினாறாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உதடு வெடித்து, பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும்வரை படுத்தே கிடந்தாள். அவளுக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று அம்மா துஆ கேட்கச் சொன்னாள். கேட்டேன், ஆனால் கையேந்தியபோது என் மனது எங்கே இருந்தது என்பதைப் படைத்தவன் பார்த்திருப்பான்.

மாமா வெள்ளிக்கிழமைதோறும் டிவியோடு இணைத்திருந்த செட்டாப் பெட்டியில் சானல்களைப் புதிதாகத் தேடவிடுவார். இலவச சிக்னலில் என்ன வரும், என்ன போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் இருந்த சானல் அடுத்த வாரம் காணாமல் போகும், கேட்காத ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். பத்தொன்பதாம் நோன்பன்று அப்படித்தான், சென்னையிலிருந்து வரும் ஒரு புதுத் தமிழ்ச் சானல் கிடைத்தது. அதில் நோன்பு திறக்கும் நேரத்தில் பயான் என்கிற மார்க்கப் பேச்சும், துஆவும், பாங்கும் வரும் என்று யாரோ துறைமுகத்தில் சொன்னார்கள். வழக்கமாக அந்த வீட்டில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு டிவி போடக் கூடாது. அது மாமியின் சட்டம். மாமா கெஞ்சி ஒரு நாளுக்கு அனுமதி வாங்கினார். மறுநாள் துறைமுகத்து சிநேகிதர்களையும் சந்தில் நாலைந்து பேரையும் நோன்பு திறக்க வீட்டுக்குக் கூப்பிட்டார். தன் குடையில் பாங்கு விழுவதை நாலு பேர் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதில் என்ன தப்பு?

இருபதாம் நோன்பு அன்று மூன்று மணிக்கே வானம் கறுத்து, இடி இடித்து, கொட்டித் தீர்த்தது. அத்தா எப்போதும் போல் கிடங்குக்குப் பக்கத்துப் பள்ளிவாசலிலேயே நோன்பு திறந்துவிடுவார். அம்மா தன் பங்குக்கு எங்கள் அடுக்களையில் ஒரு பெரிய பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். "நீ முன்னால போ, இறக்கிட்டு வரேன்" என்று என்னை அனுப்பினாள்.

நான் போனபோது நடு அறையில் பாய் விரித்து, டிவிக்கு எதிரே ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அடுக்களை வாசலையொட்டி மாமியும் இரண்டு பெண்களும், அவர்களுக்கு முன்னால் ஜசீலாவும் நானும். தட்டுகளில் சமோசா, தர்ப்பூசணி, டம்ளர்களில் நாரங்கா வெள்ளம் என்கிற எலுமிச்சைச் சாறு, ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழம். அதை நாங்கள் 'காரக்கா' என்போம். டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றிருந்தது. மழைக்குச் சிக்னல் அப்படித்தான் செத்துப்போகும். மாமா துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடி, குடையையும் மூக்கையும் துடைத்தார். "கிட்டுச்சா?" என்று அவர் கத்த, அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து, "இல்லே!" என்று சிரித்தார்கள். மழை சுத்தமாக விட்டது. படம் ஒட்டிக்கொண்டது. "கிட்டுச்சு!" என்று மொத்த அறையும் கத்தியது. மாமா ஈரக்காலோடு உள்ளே வந்து உட்கார்ந்தபோது, அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியே மேகம் கலையவில்லை. ராத்திரி போல இருட்டு.

டிவியில் ஒருவர் கண்ணை மூடி துஆ ஓதிக்கொண்டிருந்தார். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓட ஆரம்பித்தது. பழக்கத்தில் வாசித்தேன், மனதுக்குள். 'சென்னை மற்றும் சுற்றுப்புறங்களுக்கு மட்டும். மற்ற ஊரில் உள்ளவர்கள் தங்கள் ஊர் நேரப்படி நோன்பு திறக்கவும்.' சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பத்து மூன்று. எங்கள் அட்டையில் அன்றைக்கு ஆறு பதிமூன்று. தினமும் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

ஜசீலா முழங்கையை இடித்தாள். "நூரு, கீழே என்னமோ ஓடுதே, வாசி."

"விளம்பரம்" என்றேன். அது போதாது என்று, "ஏதோ பட்டுச்சேலைக் கடை" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

யாராவது கடிகாரத்தைப் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன், விளையாட்டுக்குச் சொன்னேன், சொல்ல வாயெடுப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது என்றெல்லாம் பிற்காலத்தில் எனக்கு நானே பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதுவும் உண்மை இல்லை. இரண்டு நிமிஷம் முழுசாக இருந்தது. அவளுடைய புள்ளிகளில் ஒன்று குறையட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அறையில் இருந்த மற்றவர்களுக்கும் நோன்பு இருக்கிறது என்பது அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

பாங்கு ஒலித்தது. நல்ல குரல். பாங்கு கேட்டபின் யார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்? கை தானாகத் தட்டுக்குப் போகும். பிஸ்மி சொல்லி எல்லோரும் காரக்காவை வாயில் போட்டார்கள். ஜசீலாவும் போட்டாள், கண்ணை மூடி, கொட்டையை நாக்கால் ஒதுக்கி, நாரங்கா வெள்ளத்தை எடுத்து முழு டம்ளரும் குடித்தாள். நான் காரக்காவை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா கஞ்சிப் பாத்திரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு கொல்லை வழியாக உள்ளே வந்தாள். "என்ன, அதுக்குள்ள தொறந்துட்டீங்களா? பள்ளியில இன்னும் பாங்கு சொல்லலையே" என்றாள். சொல்லிக்கொண்டே டிவியைப் பார்த்தாள். சிவப்புப் பட்டை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்: "சென்னை மற்றும்... சுற்றுப்புறங்களுக்கு... மட்டும்."

மென்றுகொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன.

"அப்போ இது நம்ம பாங்கு இல்லையா?" என்று மாமா கேட்டார். கேட்டபோது அவர் கையில் பாதி கடித்த சமோசா இருந்தது. அதைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். மாமி வந்து டிவியை அணைத்தாள். "வாயக் கொப்பளிங்க. இனி ஆரும் ஒண்ணும் தொடாதீங்க, நேரம் ஆகட்டும்" என்றாள்.

பிறகு பதினெட்டு நிமிஷம். பத்துப் பன்னிரண்டு பேர், முன்னால் கடித்து வைத்த சாப்பாடு. கடிகாரத்தை இப்போது எல்லோரும் பார்த்தார்கள். கொல்லையில் டங்... டங்... என்று குடையில் சொட்டு விழுவது மட்டும் கேட்டது. அப்போது, படகு ஓட்டும் ஹம்ஸாக்கா என்பவர் என் மூடிய கையைக் கவனித்துவிட்டார். "மோளே, நீ தின்னலையா?" என்றார். விரலை விரித்தேன். பிசுபிசுத்துப்போன காரக்கா முழுசாக இருந்தது. "கண்டியா மைதீனே, பெரியவங்க நமக்கில்லாத பொறுமை இந்தச் சின்னக் குட்டிக்கு!" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருவர் மாஷா அல்லாஹ் என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஜசீலாவும் பார்த்தாள். என் கையையும், அணைந்த டிவியையும், மறுபடி என் முகத்தையும் பார்த்தாள். அவள் அழவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அடுத்தவர்கள் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "உனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது இதுக்கா?" அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பெரியவர்கள் அன்றைய நோன்புக்குப் பதிலாகப் பெருநாளுக்குப் பிறகு ஒரு நோன்பு, 'களா', பிடித்துவிட வேண்டும் என்று பள்ளிவாசல் உஸ்தாத் சொல்லிவிட்டார். இத்தனை பேர் நோன்பு தன் கழுத்தில் என்று அவர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். "அண்ணே, பழைய சாக்கு ஒண்ணு இருந்தாத் தாங்க" என்று அத்தாவிடம் கேட்டார். வாங்கிக்கொண்டு போய், குடைக்கு அதைத் தலைவழியாக மாட்டி, கழுத்தில் கயிற்றால் கட்டினார். நான் அத்தனை மாதம் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவர்கள் வீட்டிலும் இனி அந்தச் சானல்கள் இல்லை, எங்கள் வீட்டில் போலவே. அதுவும் எங்கள் வீட்டுச் சாக்கு. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் அது தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றது. நான் அந்த ஜன்னலை அடைத்துவிட்டு சாயா குடிக்கப் பழகினேன். மழை பெய்தால் சொட்டு விழும் சத்தமும் கேட்காமல் போயிற்று.

ஜசீலா மீதி நோன்பு எல்லாவற்றையும் பிடித்தாள். என்னோடு பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், பேசினாள். அட்டையில் இருபதாம் நாளுக்கு நேரே அவள் புள்ளி வைக்கவில்லை. எனக்கு முப்பது, அவளுக்கு இருபத்தொன்பது. பெருநாள் காலையில் மாமா சாக்கை அவிழ்த்தார். சொன்ன சொல் தவறாதவர், ரிமோட்டை எடுத்து மகளிடம் கொடுத்து, "நூருக்குக் கொடு" என்றார். அவள் புதுப் பாவாடை சலசலக்க வந்து நீட்டினாள். "இந்தா. நீ ஜெயிச்சே."

அன்று முழுக்க அந்த ரிமோட் என் கையில் இருந்தது. நான் என்னென்ன பார்த்தேன் என்று ஒன்றுகூட இன்று நினைவில்லை. கீழே எழுத்து ஓடிக்கொண்டே இருந்ததும், அவள் முழங்கை என்னை ஒரு தடவை கூட இடிக்கவில்லை என்பதும்தான் நினைவிருக்கிறது. பெருநாளுக்கு மறுநாள், வீடெல்லாம் மீதிப் பிரியாணியைச் சூடாக்கித் தின்றுகொண்டிருக்க, அவள் தன் களா நோன்பைப் பிடித்தாள். "நீ சின்னப் புள்ளை, உனக்குக் கடமை இல்லை" என்று மாமி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அன்று மாலை ஆறு மணி வாக்கில் நான் கொல்லைக்குப் போனேன். கிணற்று மேடையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குச் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான், அது வரவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அவள் குடித்தாள், டம்ளரைக் கழுவினாள், உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் வாசிக்கச் சொன்னதில்லை. கீழே ஓடும் எழுத்தையே பார்த்துப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிப் பார்த்து, அடுத்த கோடைக்குள் தானாகவே தமிழ் வாசிக்கப் பழகிவிட்டாள். எனக்கென்று இருந்த ஒன்றே ஒன்றும் போயிற்று. அதற்கும் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பட்டேன். எனக்கு அம்மா உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்ததை, அவள் யாருமில்லாமல் கற்றுக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கும் ஒரு குடை வந்தது. அதற்குள் சந்தில் வீட்டுக்கு வீடு வந்திருந்தது. அம்மா ஸ்டவ்வின் தீயை இறக்காமலே பாட்டுக் கேட்கலாம் என்றானது. நான் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது நான் அதே ஊரின் மறுகோடியில், காக்கநாட்டில், பதினோராவது மாடியில் குடியிருக்கிறேன். படம் பார்ப்பதெல்லாம் கைப்பேசியில். சிக்னல் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கொச்சங்காடி வீடு இரண்டையும் ஒருவர் வாங்கி, சுவரை இடித்து ஒன்றாக்கி, வெளிநாட்டுப் பயணிகளுக்கு அறை விடுகிறார். சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் பை வந்து, அந்தச் சணல் வாசனை சந்தைவிட்டே போயிற்று. "கிட்டுச்சா?" என்று ஒருவர் கேட்க, "இல்லே" என்று இன்னொருவர் கத்துகிற சத்தமும் போயிற்று. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கடச்சக்கை மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். குடை மட்டும் இருந்தது, துருப்பிடித்து, தண்ணீர் வற்றிய கிணற்றை மூடியிருந்த பலகையின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஜசீலாவைச் சென்னையில் கட்டிக் கொடுத்தார்கள். நோன்பு மாதம் முழுக்க, தினமும் சாயங்காலம், அவளிடமிருந்து எனக்கு அழைப்பு வரும். எடுத்தால் முதலில் அவள் குரல் கேட்காது. அவள் ஊர்ப் பள்ளிவாசலின் பாங்கு கேட்கும். பிறகு காரக்காவை மென்றுகொண்டே சிரித்தபடி சொல்வாள்: "நூரு, இது சென்னைக்கு மட்டும். உனக்கு இன்னும் நேரம் இருக்கு, தின்னுடாதே."

ஒரு வருஷமும் அவள் தவறவிட்டதில்லை. அது கேலியா, மன்னிப்பா என்று நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, "அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "கஞ்சி ஆறுது, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டாள். என்னால் பதினோரு வயதில் சொல்ல முடியாததை அவளால் சிரித்துக்கொண்டே தினமும் சொல்ல முடிகிறதே என்று இப்போதும் கண்ணுகடிதான். அழைப்பு முடிந்த பிறகு, காரக்காவை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, என் பாங்குக்கு மீதியிருக்கும் அந்தப் பதினெட்டு நிமிஷமும் நான் உட்கார்ந்திருக்கிறேன்.